மாரளவு தண்ணீர்

வேடசந்தூருக்கு வடக்கே, கரூர் ரோட்டிலிருந்து ரெண்டு மைல் உள்ளே தள்ளி இருந்தது ஈஸ்வரனின் காடு. பட்டா அவன் பேரில் இருந்ததால் பண்ணைக்குட்டையையும் அவன் பேரில்தான் வெட்டினார்கள். கரையில் நட்ட பலகையிலும் அவன் பேர்தான். ஆனால் ஈஸ்வரன் நூல் மில்லில் ஷிப்ட் பார்க்கிறவன். மில் பஸ்ஸில் போய், மில் பஸ்ஸில் திரும்பி, தலையில் ஒட்டிய பஞ்சைக் கழுவித் தூங்கி எழுவதற்கே அவனுக்கு நாள் சரியாக இருக்கும். மீன் வளர்த்தது அவன் பொண்டாட்டி மணிமேகலை.

கட்லா, ரோகு, மிர்கால் என்று கலந்து ஆயிரத்து இருநூறு குஞ்சு விட்டிருந்தாள். மூணு பேஸ் கரண்ட் வருகிற நேரம் பார்த்து மோட்டார் போடுவது அவள். தவிடும் பிண்ணாக்கும் பிசைந்து, பொத்தல் போட்ட சாக்கில் கட்டித் தொங்கவிடுவது அவள். எந்தச் சாக்கு எத்தனை மணிக்குக் காலியாகும் என்பதுகூட அவளுக்கு அத்துப்படி. பாசி படர்ந்தால் சேலையை வரிந்து கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கி, கையாலேயே வாரிக் கரையில் போடுவாள். அப்படி இறங்கி இறங்கித்தான் தண்ணீர் எந்த மாசத்தில் எவ்வளவு நிற்கும் என்று அவள் உடம்புக்கே தெரிந்துபோயிருந்தது. கார்த்திகையில் நட்ட நடுவில் நின்றால் தலைக்கு மேல் போகும். சித்திரையில் மார் நனையும், தோள் நனையாது.

அந்தச் சித்திரையில்தான் மீன்கள் வித்தியாசமாக நடந்துகொண்டன. கரையோரக் கல்லில் வந்து உடம்பைத் தேய்த்தன. காரணமில்லாமல் துள்ளின. முதலில் ரோகு மட்டும். நாலாம் நாள் கட்லாவும். வீச்சுவலை போட்டு ஒன்றைப் பிடித்துப் பார்த்தாள். செதிலுக்கு மேல் துவரம்பருப்பைத் தட்டி ஒட்டினாற்போல் நாலைந்து பூச்சி ஊர்ந்துகொண்டிருந்தது. ஒட்டிய இடமெல்லாம் சிவந்திருந்தது.

"மீன் பேன்" என்று பக்கத்துக் காட்டுக்காரர் சொன்னார். திண்டுக்கல்லில் மீன் தீவனமும் மருந்தும் விற்கிற பாண்டியராஜின் நம்பரையும் அவரே கொடுத்தார்.

மணிமேகலை அன்றைக்கே போன் போட்டாள். "தம்பி, அஞ்சு நாளா மீனு கல்லுல ஒரசுது. மொதல்ல ரோகுக்குத்தான் வந்துச்சு…"

"அக்கா, வீட்டுக்காரர் இல்லையா? அவர்கிட்ட குடுங்க."

"அவரு இப்பத்தான் ஷிப்ட் முடிச்சு வந்து படுத்திருக்காரு. என்கிட்டயே கேளுங்க தம்பி, மீனைப் பாக்குறது நான்தான்."

"அளவெல்லாம் கேக்கணும்க்கா. அவரை எழுப்பிக் குடுங்க."

எழுப்பிக் கொடுத்தாள். அதை நினைத்தால் அவளுக்கு இன்றைக்கும் பல்லைக் கடிக்கத் தோன்றும். தன் கையாலேயே அல்லவா கொடுத்தாள்!

ஈஸ்வரன் கண்ணைக் கசக்கிக்கொண்டு, ஆனால் முதலாளித் தோரணையில் பேசினான். "ஆமா சார், நம்ம குட்டைதான். நீளம் நூறடி, அகலம் அறுவது. ஆழம் பத்தடி."

பத்தடி என்பது வெட்டும்போது பொக்லைன்காரன் சொன்ன கணக்கு. அடுப்படியிலிருந்து மணிமேகலை கத்தினாள். "வெட்டுனது பத்தடி! தண்ணி மாரளவுதாங்க கெடக்கு. நாலரை அடி இருந்தாப் பெருசு. அதைச் சொல்லுங்க!"

ஈஸ்வரன் கையை ஆட்டி 'சும்மா இரு' என்று சைகை காட்டினான். "ஆமா சார், பத்தடி. சரி சார். வாரேன் சார்."

சாயங்காலம் மருந்தோடு வந்தான். எவ்வளவு ஊற்றுவது என்று பாண்டியராஜ் எழுதிக் கொடுத்த சீட்டும் இருந்தது. "தண்ணி அளவைச் சரியாச் சொன்னீங்களா?" என்று அவள் மறுபடியும் கேட்டாள். "எல்லாம் கேட்டுத்தான் குடுத்திருக்காரு, உனக்கு எல்லாத்துலயும் சந்தேகம்" என்றான். மறுநாள் காலையில் அவனே வாளியில் கலந்து, கரையைச் சுற்றி நடந்து தெளித்தான்.

மத்தியானத்துக்குள் மீன்கள் சுழன்று சுழன்று நீந்தின. பொழுது சாய்வதற்குள் வெள்ளை வயிறாக மிதந்தன. பத்தடித் தண்ணீருக்கான மருந்து நாலரை அடியில் விழுந்திருந்தது. மூன்று நாளில் எழுநூற்றுச் சொச்சம் மீனை அவள் கூடையில் அள்ளிக் குழியில் போட்டுச் சுண்ணாம்பு தூவி மூடினாள். ஈஸ்வரன் உதவிக்கு வந்தான். "அங்கிட்டுப் போங்க" என்று ஒரே சொல்லில் துரத்திவிட்டாள்.

நாலாம் நாள் பஸ் ஏறித் திண்டுக்கல் போனாள். பாண்டியராஜின் கடையில் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். எல்லோர் முன்னாலும் கேட்டாள். "ஏன் தம்பி, போன் போட்டது நானு. மீனைப் பாத்தது நானு. அதுல எறங்கி நிக்கிறது நானு. தூக்கத்துல கெடந்த ஆளை எழுப்பிக் கேக்கச் சொன்னீகளே, எதுக்கு?"

பாண்டியராஜுக்கு முகம் சுண்டிப்போயிற்று. "அக்கா, அவர் பத்தடின்னாரு, நான் பத்தடிக்கு எழுதினேன். என் மேல என்ன தப்பு?"

"ஆழத்தைக் கேட்டீகளா, தண்ணியைக் கேட்டீகளா?"

அவன் கல்லாப் பெட்டியைத் திறந்து மூடினான். கூட்டத்தில் ஒருவர் "போம்மா, வீட்டுல பேசித் தீர்த்துக்க" என்றார். மணிமேகலை அவரை ஒரு பார்வை பார்த்தாள். அவர் தீவன மூட்டைக்குப் பின்னால் நகர்ந்துகொண்டார்.

அதே கோபத்தோடுதான் மீன்வளத்துறை அலுவலகத்தைத் தேடிப் போனாள். அங்கே டெய்சி என்று ஒரு பெண் இருந்தாள், முப்பது வயசுக்குள்தான் இருக்கும். மணிமேகலை சொல்லத் தொடங்கியதும் ஒரு தாளை எடுத்துக்கொண்டாள். "இப்ப தண்ணி எவ்வளவு ஆழம் இருக்குக்கா? குட்டை ஆழம் வேணாம், தண்ணி சொல்லுங்க" என்று கேட்டாள்.

நாலு நாளாக மணிமேகலைக்கு வராத அழுகை அங்கே, ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் வந்தது. அழுதுகொண்டே எல்லாக் கேள்விக்கும் பதில் சொன்னாள். எப்போது ஆரம்பித்தது, எந்த மீனுக்கு முதலில், எத்தனை விட்டது, தண்ணீர் என்ன நிறம், கடைசியாக எப்போது தீனி வைத்தது. ஒன்றுக்குக்கூட அவள் யோசிக்கவில்லை.

"இம்புட்டும் தெரிஞ்சு வச்சிருக்கீங்க. இதுல பாதியை அவங்க கேட்டிருந்தாலே போதும்" என்றாள் டெய்சி. பிறகு தன் நம்பரை எழுதிக் கொடுத்துச் சொன்னாள். "அடுத்த தடவை மீன் செத்துப்போச்சுன்னு மட்டும் சொல்லாதீங்கக்கா. சாகுறதுக்கு முந்தி என்ன செஞ்சுச்சுன்னு சொல்லுங்க. கொண்டுவர்றதா இருந்தா, செத்ததைக் கொண்டுவராதீங்க, பாதி உசிரா இருக்கறதைக் கொண்டுவாங்க. தனியா ஒரு பாட்டில்ல தண்ணியும் வேணும். நீங்க ஏதாச்சும் தப்பாச் செஞ்சிருந்தா அதையும் மறைக்காமச் சொல்லணும். நான் திட்ட மாட்டேன்."

மிச்சம் இருந்த நானூற்றுச் சொச்சம் மீனை வைத்துக்கொண்டு மணிமேகலை வெயில் காலத்தைத் தாண்டினாள். புருஷனோடு பேச்சு வேலை மட்டுக்கும்தான். சோறு போட்டு வைத்தாச்சு, கதவைச் சாத்துங்க, மோட்டாரை நிப்பாட்டுங்க. அவன் செய்தது ஆம்பிளைத் திமிர் என்றுதான் அவள் நினைத்தாள். அடுப்படியிலிருந்து தான் கத்தியது தூக்கக் கலக்கத்தில் அவன் காதில் விழவில்லை போலிருக்கிறது என்று தனக்குத்தானே சமாதானமும் சொல்லிக்கொண்டாள். அந்த ஒரு நினைப்பில்தான் கொஞ்சம் ஆறினாள்.

ஐப்பசியில் குட்டை முக்கால்வாசி நிறைந்தது. மழை விட்டும் வானம் மூடியே கிடந்தது, மூன்று நாள் வெயிலே இல்லை. நாலாம் நாள் விடிந்து போய்ப் பார்த்தால் மீன்கள் அத்தனையும் மேலே வந்து வாயைப் பிளந்து பிளந்து மூடிக்கொண்டிருந்தன. அவள் ஒரு நிமிஷம்கூட வீணாக்கவில்லை. போனில் அதை வீடியோ எடுத்து டெய்சிக்கு அனுப்பிவிட்டுக் கூப்பிட்டாள்.

ஷிப்ட் முடிந்து அப்போதுதான் வந்த ஈஸ்வரன் கரைக்கு ஓடிவந்தான். "யாரு, ஆபீஸா? குடு, நான் பேசுறேன்" என்று கையை நீட்டினான்.

"தள்ளுங்க!" என்றாள். அந்தச் சத்தத்தில் கரையில் நின்ற கொக்கு எழுந்து பறந்தது.

டெய்சி கேட்கக் கேட்க, மணிமேகலை தண்ணீரைப் பார்த்தபடியே சொன்னாள். "இப்பத்தான் பாத்தேன் மேடம், நேத்துப் பொழுதடைய நல்லாத்தான் இருந்துச்சு. எல்லா மீனும் மேலதான் நிக்குது, கட்லா ரொம்பத் திணறுது. செத்தது ஆறு. ஒடம்புல புண்ணு, பேனு ஒண்ணுமில்ல. தண்ணி கரும்பச்சையா இருக்கு. ஏழரை அடி இருக்கும், நேத்துத்தான் மூங்கிலைவிட்டுப் பாத்தேன். நேத்து வச்ச தீனி அப்படியே சாக்குல கெடக்கு. மருந்து எதுவும் போடல."

"சாணி, எரு ஏதாவது போட்டீங்களா?"

மணிமேகலை சட்டென்று திரும்பிப் பார்த்தாள். ஈஸ்வரன் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தான். ஆறு மாசமாக அவன் முகத்தில் அறைகிறாற்போல் நடந்துகொண்டவள் அவள். இப்போது அவன் முன்னால் எப்படிச் சொல்வது? தன் மேலேயே பொங்கிய கோபத்தில் அவள் சத்தமாகவே சொன்னாள்.

"போட்டேன் மேடம். முந்தாநாள். பச்சைச் சாணி மூணு கூடை. மீனு சீக்கிரம் பெருக்கும்னு யாரோ சொன்னாங்கன்னு யாரையும் கேக்காமப் போட்டேன்."

"நல்லவேளை சொன்னீங்க. வெயிலும் இல்ல, சாணியும் விழுந்திருக்கு. தண்ணியில காத்து இல்லக்கா, அதான் திணறுது. எந்த மருந்தும் ஊத்திராதீங்க. தீனியை நிறுத்துங்க. மோட்டாரைப் போட்டு, தண்ணி உசரத்துலருந்து சிதறி விழுற மாதிரி பீச்சுங்க."

ஈஸ்வரன் அதற்குள் மோட்டார் ரூமுக்கு ஓடியிருந்தான். குழாய் முனையில் ஓட்டை போட்ட தகர டப்பாவைக் கட்டி, தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றான். மூன்று மணி நேரம் அப்படியே நின்றான், அவள் மாற்றிக்கொள்ள வந்தும் கொடுக்கவில்லை. பத்து மணிக்கு மேல் மேகம் விலகியது. மீன்கள் ஒவ்வொன்றாக உள்ளே இறங்கின. செத்தது மொத்தம் பத்தொன்பது.

நனைந்த உடம்போடு கரையில் உட்கார்ந்த ஈஸ்வரன் தகர டப்பாவைக் குழாயிலிருந்து அவிழ்த்து வைத்தான். பிறகு, "நீ சாணி போட்டதைச் சொன்னியே… எனக்கா இருந்தாச் சொல்லியிருக்க மாட்டேன்" என்றான்.

அவள் குத்துக்காலிட்டு உட்கார்ந்து செத்த மீனைக் கூடையில் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"அன்னிக்கு நீ அடுப்படியில இருந்து கத்துனது காதுல விழுந்துச்சு மணி. மாரளவுன்னு சொன்னது. நான் அதுக்குள்ள பத்தடின்னு சொல்லிட்டேன். உடனே மாத்திச் சொன்னா, பொண்டாட்டி சொல்லிக் குடுத்துப் பேசுறான்னு அந்தாளு நெனைப்பான்னு…"

மணிமேகலை எழுந்து நின்றாள்.

"விழுந்துச்சா? காதுல விழுந்துமா பத்தடின்னீங்க? தெரியாமச் செஞ்ச மனுஷன்னு நெனச்சுல்ல இத்தனை நாளாச் சோறு போட்டேன்! எவனோ ஒருத்தன் என்ன நெனைப்பான்னு பயந்துக்கிட்டு எழுநூறு உசிரைக் கொன்னுட்டு, என்னையப் பாத்து 'உனக்கு எல்லாத்துலயும் சந்தேகம்'னு வேற சொன்னீங்க! உங்களுக்கு நாக்குக் கூசலையா அதைச் சொல்ல? நான் போட்டது மூணு கூடைச் சாணி. கேட்ட ஒடனே, உங்க முன்னாடியே சொன்னேன். உங்களுக்கு ஆறு மாசம் ஆச்சு!"

ஈஸ்வரன் தலையைக் குனிந்துகொண்டான். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. பேசியிருந்தால் நன்றாகக் கத்தித் தீர்த்திருக்கலாம் என்று அவளுக்கு அதுவும் கோபமாக இருந்தது. அவன் தலையில் ஈரப் பஞ்சு ஒட்டிக் கிடந்தது. அதைப் பார்க்கப் பார்க்கக் கோபம் ஏறியதே தவிர இறங்கவில்லை. வீட்டுக்குப் போய்க் குழம்பு வைத்தாள். தன் தட்டில் மட்டும் போட்டுச் சாப்பிட்டாள்.

தை பிறந்ததும் மீன் பிடித்தார்கள். வியாபாரி சௌகத் அலி வண்டியோடு வந்திருந்தார். கட்லா ஒவ்வொன்றும் ஒன்றேகால் கிலோவுக்குக் குறையாமல் இருந்தது. ஈஸ்வரன் மில்லுக்கு லீவு போட்டுவிட்டு இழுவலையின் ஒரு முனையைப் பிடித்து இறங்கினான். மறுமுனையை அவள் பிடித்தாள். வலை நெருங்க நெருங்க ரெண்டு பேருக்கும் நடுவில் மீன்கள் துள்ளின.

"இன்னும் கோவமாத்தான் இருக்கியா?" என்று அவன் மெதுவாகக் கேட்டான்.

"இருக்கேன்."

"எப்பத்தான் தீரும்?"

"எனக்குத் தெரியாது. அடி வலையைத் தூக்காதீங்க, மிர்கால் எல்லாம் கீழ வழியா ஓடுது பாருங்க" என்றாள்.