வயிற்று வலி என்று சொன்னவள்

பள்ளி வேன் ஆயாவுக்கு அதிகம் பேசத் தேவையில்லை. ஏறும் பிள்ளைகளை எண்ண வேண்டும், இறங்கும் பிள்ளைகளை எண்ண வேண்டும். எது அழுதுகொண்டு வருகிறது, எது சாப்பிடாமல் வருகிறது என்று பார்த்துக்கொள்ள வேண்டும். ஜெசிந்தாவுக்கு அந்த வேலை பொருந்திப்போயிற்று. திண்டிவனத்தில் ஒரு தனியார் பள்ளியில் எட்டு வருடமாக இருக்கிறாள். அங்கே வேலை பார்ப்பதால்தான் அக்கா மகள் கலைப்பிரியாவுக்குச் சலுகையில் இடம் கிடைத்தது. எட்டு மாதக் குழந்தையில் தாயை இழந்த அவளை ஜெசிந்தாதான் வளர்த்தாள். இப்போது அவள் பிளஸ் டூ. சைக்காலஜி படிக்கிறாள்.

"பைத்தியத்துக்கு வைத்தியம் பாக்குற படிப்பா பாப்பா?" என்பான் டிரைவர் பாண்டுரங்கன். "மொதல்ல உங்க சித்தியப் பாரு. எட்டு வருசத்துல எங்கிட்ட எட்டு வார்த்த பேசியிருக்குமா?"

அந்த வருடம் பிராக்டிகலுக்கு ஓர் ஆளைப் பற்றி முழுதாக விசாரித்து எழுத வேண்டியிருந்தது. கலைப்பிரியா சித்தியையே எடுத்துக்கொண்டாள். சாயங்காலம் மற்ற பிள்ளைகள் இறங்கிய பிறகு, தங்கள் ஊரான கிளியனூர் வரும்வரை கடைசி சீட்டில் உட்கார்ந்து கேள்வி கேட்பாள்.

"எதுக்குப் பயம் உனக்கு?"

"ஆளுங்க கூட்டமா நின்னா."

"எதுக்கு ஒம்போதாவதோட நின்ன?"

"உன்னத் தூக்கிக்கினு எப்பிடிடி பள்ளிக்கூடம் போறது?"

இப்படி யாரும் அவளை உட்கார வைத்துக் கேட்டதில்லை. ஜெசிந்தாவுக்கு அது பிடித்திருந்தது. மூன்றாம் நாள் குடும்பத்தைப் பற்றிய கேள்விகள் வந்தன.

"எங்கம்மா வயித்து வலியில செத்தாங்க இல்ல? அது இன்னா வலி? எந்த டாக்டரு பாத்தாரு? ஸ்கேன் எதனா எடுத்தீங்களா?"

ஜெசிந்தா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "ஊரு வந்துடுச்சி. பையை எடு."

அக்கா புனிதாவைக் கட்டிக்கொண்டு போனவன் புகழேந்தி. விழுப்புரத்தில் டயர் கடை வைத்திருந்தான். இரண்டு முறை முகம் வீங்கி வீட்டுக்கு வந்தாள் புனிதா. இரண்டாம் முறை அப்பா முத்துசாமி, "தங்கச்சியக் கூட்டிக்கினு போ. சின்னப் பொண்ணு எதுர்ல கை நீட்ட மாட்டான்" என்று திருப்பி அனுப்பினார். ஜெசிந்தா இரண்டு நாள் இருந்தாள். அந்த இரண்டு நாளும் அவன் கை நீட்டவில்லை. மூன்றாம் நாள் அவளுக்குக் கணக்குப் பரீட்சை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்த அக்கா, "முடிஞ்சதும் வந்துடு" என்றாள். பரீட்சை எழுதிவிட்டு வெளியே வந்தபோது, வாசலில் சித்தப்பா சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

அக்காவின் உடல் கிடந்த ஆஸ்பத்திரிக்கு அவள் போய்ச் சேர்வதற்குள் பெரியவர்கள் பேசி முடித்திருந்தார்கள். வழக்கு வேண்டாம், குழந்தை தாய்வீட்டில் வளரட்டும். கடைசியாகக் கூட இருந்தவள் என்று போலீஸ்காரர் ஜெசிந்தாவைத்தான் கேட்டார். சொல்லிக்கொடுத்ததை அவள் சொன்னாள்: "அக்காவுக்கு ரொம்ப நாளா வயித்து வலி. தாங்காம உயிர விட்டுடுச்சி." பதினாலு வயதில், தலை நிமிராமல் சொன்னாள். அவர் எழுதிக்கொண்டார். தானே முடித்துக்கொண்டாள் என்பதை விட்டுவிட்டு, வயிற்று வலியை மட்டும் கலைப்பிரியாவுக்குச் சொல்லி வளர்த்தார்கள்.

புகழேந்தி வேறு கல்யாணம் செய்துகொண்டான். மூன்று வருடமாக மகளை லீவுக்குக் கூப்பிட்டுத் துணிமணி எடுத்துக் கொடுத்தான். இப்போது விழுப்புரத்திலேயே காலேஜ் சேர்க்கிறேன், எங்க வீட்டிலேயே இருக்கட்டும் என்கிறான். காலேஜைப் பார்க்கச் சனிக்கிழமை வரச் சொல்லியிருந்தான். கலைப்பிரியாவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

ஜெசிந்தா போன சித்திரையில் அவளைக் கொண்டுபோய் விட்டபோது ஒன்றைப் பார்த்துவிட்டு வந்திருந்தாள். அந்த வெயிலில் புகழேந்தியின் பெண்டாட்டி மணிக்கட்டு வரைக்கும் கை வைத்த ஜாக்கெட் போட்டிருந்தாள். தண்ணீர்ச் சொம்பை இடது கையால் நீட்டினாள். வலது கையைத் தூக்க முடியாத நாட்களில் புனிதாவும் அப்படித்தான் நீட்டுவாள்.

வெள்ளிக்கிழமை கிளியனூரில் வேனை நிறுத்திவிட்டு பாண்டுரங்கன் டீ குடிக்கப் போனான். கலைப்பிரியா பையை எடுத்தாள்.

"உக்காரு" என்றாள் ஜெசிந்தா. "எழுதிக்கோ. உங்கம்மாவுக்கு வயித்து வலி இல்ல."

"அப்ப?"

"உங்கப்பா அடிச்சாரு. தாங்க மாட்டாம தானே முடிச்சிக்கிச்சி. வயித்து வலின்னு போலீஸ்ல சொன்னது நானு."

கலைப்பிரியா எழுதவில்லை. பேனாவின் மூடியைத் திறந்து திறந்து மூடினாள்.

"யாரு சொல்லச் சொன்னாங்க?"

"உங்க தாத்தா. எல்லாருந்தான். எனக்குப் பதினாலு வயசுடி."

"சரி, அப்பப் பதினாலு. என்ன அவரு வீட்டுக்கு லீவுக்கு அனுப்புனப்போ உனக்கு இன்னா வயசு சித்தி?"

ஜெசிந்தா மனசுக்குள் எண்ணினாள். முதல் லீவுக்கு இருபத்தெட்டு, போன லீவுக்கு முப்பது.

சனிக்கிழமை காலை பத்து மணிக்குப் புகழேந்தி போன் செய்தான். திரையில் பெயரைப் பார்த்த கலைப்பிரியா போனைச் சித்தியின் மடியில் வைத்தாள். "நீயே சொல்லு."

பதினாறு வருடத்தில் அவனிடம் ஜெசிந்தா நேராக ஒரு வாக்கியம் பேசியதில்லை. தலையாட்டுவாள், நகர்ந்துவிடுவாள். போனைக் காதில் வைத்தாள்.

"கலை வர மாட்டா மாமா."

"ஏன், ஒடம்பு எதனா சரியில்லையா?"

"ஒடம்புக்கு ஒன்னும் இல்ல. அக்கா எப்பிடிப் போச்சின்னு சொல்லிட்டேன்."

அந்தப் பக்கம் டயருக்குக் காற்றடிக்கும் சத்தம் கேட்டது. அது நின்றது. பிறகு போன் துண்டிக்கப்பட்டது.

கலைப்பிரியா எழுந்து துணி துவைக்கப் போனாள். அன்றும் மறுநாளும் சாப்பாட்டைத் தானே போட்டுக்கொண்டாள்.

திங்கட்கிழமை வேனில் பாண்டுரங்கன் கண்ணாடியில் பார்த்துச் சிரித்தான். "இப்ப என்னப் பத்தி எழுதப்போறியாமே பாப்பா! சித்தி பேஜாருன்னு உட்டுட்டியா?"

கலைப்பிரியா டிரைவருக்குப் பின் சீட்டில் போய் உட்கார்ந்து நோட்டைப் பிரித்தாள். கடைசி சீட்டில் ஜெசிந்தாவுக்குப் பக்கத்து இடம் காலியாகவே வந்தது. வழியில் பிள்ளைகள் ஒவ்வொன்றாக ஏறின. ஜெசிந்தா எண்ணினாள். எல்லாத் தலைகளும் சரியாக இருந்தன. முன்னால் குனிந்திருந்த அந்தத் தலையை மட்டும் திரும்பத் திரும்ப எண்ணிக்கொண்டே வந்தாள்.