ஒல்லி எழுத்தில் ஒரு முழுப்பெயர்

மறுநாள் காலை கடைத் திறப்பு. லேசர் மெஷினில் வெட்டி எடுத்த அக்ரிலிக் எழுத்துகளில் 'A' ஒவ்வொன்றும் கை பட்டதுமே ஒடிந்தது. மண்டி மொஹல்லாவில் ஒரு போர்டு கடையில் நான் டிசைனர்.

போர்டு பழனியம்மாளுடையது. ஹனூர்க்காரர். பல கடைகளில் சம்பளத்துக்குப் பிளவுஸ் தைத்தவர், முதன்முறையாகச் சொந்தக் கடை பிடித்திருந்தார். முகப்போ ஒரு கதவின் அகலம்தான். போர்டை உயரமாக்கலாம், அகலமாக்க வழியில்லை. மேலே கன்னடம் பெரிதாக வர வேண்டும், அது இங்கே சட்டம். கீழே மிஞ்சும் இடத்தில் ஆங்கிலம். சாதாரண எழுத்தில் போட்டால் எறும்பு வரிசை மாதிரி ஆகிவிடும்.

"ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்கோம்மா. பி.எம். டெய்லர்ஸ்னு வெச்சிடலாம்" என்றார் எங்கள் ஓனர்.

"வேண்டாமுங்க. இத்தன வருசம் அடுத்தவங்க பேரு போட்ட கடையிலதானுங்க தெச்சேன். என்ற பேரு முழுசா இருக்கோணும்."

அதனால்தான் அந்த ஃபான்ட்டைத் தேடி எடுத்தேன். பழைய காபிப்பொடி டப்பாக்களில் பார்த்திருப்பீர்கள். நெட்டையாக, ஒடுங்கி, முனைகளில் சின்னச் சுருளோடு நிற்கும் செரிஃப் எழுத்து. பெயர் முழுசாக உட்கார்ந்தது. ஆனால் அதன் மெல்லிய கோடுகளை அக்ரிலிக் தாங்கவில்லை. கோட்டைத் தடிமனாக்கினால் எழுத்தின் உள்வெளி அடைத்துக்கொண்டது, அழகும் போயிற்று.

"இதெல்லாம் பேப்பருக்குத்தான் சரி. பேசாம பி.எம். போட்டுடு, கோமதி" என்றார் ஓனர்.

எரிச்சலோடு மெஷினைக் காலி செய்யப் போனேன். எழுத்தை வெட்டியெடுத்த மெரூன் ஷீட் அங்கேயே கிடந்தது. அதில் பழனியம்மாள் முழுசாக இருந்தார், ஓட்டையாக. ஓட்டையில் ஒடிவதற்கு என்ன இருக்கிறது? இதையே போர்டாக்கலாம் என்று ஓனரிடம் தூக்கிக் காட்டினேன்.

"வேஸ்ட் ஷீட்டையா கஸ்டமருக்குக் குடுப்ப?"

"ஒரு நிமிஷம் பாருங்க சார்."

அதன் பின்னால் பால் வெள்ளை அக்ரிலிக்கை ஒட்டினேன். A, P, O, R எழுத்துகளின் நடுத்துண்டுகளைத் தேடிப் பொறுக்கி, அதனதன் இடத்தில் பதித்தேன். பின்னால் எல்.இ.டி.யைப் போட்டதும் மயிரிழைக் கோடுகூடப் பளிச்சென்று எரிந்தது.

"சென்னாகிதே! நல்லாருக்கே!" என்றார் ஓனர்.

சாயங்காலம் போர்டை மாட்டினோம். பழனியம்மாள் ஆட்டோக்களுக்கு நடுவே எதிர்ச்சாரிக்குப் போய், அண்ணாந்து நின்றார். கழுத்தில் இஞ்ச் டேப் தொங்கிக்கொண்டிருந்தது. திரும்பி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அளவெடுத்துத் தெச்சாப்பல இருக்குதுங்க."

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களே, இடம் போதவில்லையென்றால் எழுத்தை மாற்றிப் பாருங்கள், பெயரில் கை வைக்காதீர்கள். எங்கள் ஓனர் இப்போதும் எல்லாவற்றுக்கும் 'ஸ்வல்ப அட்ஜஸ்ட்' கேட்கிறார். பெயருக்கு மட்டும் கேட்பதில்லை.