குழல் வராத சிடி

ராயபுரத்தில் நான் சிடி கடை வைத்திருந்தபோது, பனியன் கம்பெனியில் நிட்டிங் மெஷின் ஓட்டும் ஒருவர் ஞாயிறுதோறும் வருவார். தலைமுடியில் பஞ்சு ஒட்டியிருக்கும். கஜல், ஜாஸ், ராக் என்று எதைக் கொடுத்தாலும் வாங்கிப்போய்க் கேட்டுவிட்டு, மறுவாரம் அபிப்பிராயம் சொல்வார். “அந்த வெள்ளைக்காரன் கத்தறானுங்க, ஆனா அழுகறாப்லதானுங்க இருக்குது” என்பார்.

ஒருமுறை புல்லாங்குழல் சிடியைத் திருப்பிக் கொண்டுவந்தார்.

“ஏனுங்க, இதுல மிருதங்கம் மட்டுந்தானுங்க வருது. குழலையே காணோமுங்க.”

கடையில் போட்டேன். குழல் தெளிவாக ஒலித்தது. அவர் ஸ்பீக்கரைப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

“இப்ப ஊதறாங்களா?”

தலையசைத்தேன்.

“நாள் பூரா அந்த மெஷின் சத்தத்துலயே நிக்கறமுங்க” என்று மட்டும் சொன்னார்.

அடுத்த வாரமும் வந்தார். எதை எடுத்துக் கொடுப்பதென்று எனக்குத்தான் தெரியவில்லை.