மாஃபி மெசேஜ்

நான் பொய் சொன்னேன். இரண்டே சொற்கள்: "மாஃபி மெசேஜ்." செய்தி எதுவும் வரவில்லை என்று. வந்திருந்தது! நானே படித்தேன், நானே அழித்தேன். ஒரு பெண்ணின் முழு வருடம் அதோடு அழிந்தது.

நீங்கள் என்னைத் திட்டலாம். அதற்குமுன் அவளைக் கொஞ்சம் பாருங்கள்...

ஷார்ஜா ரோலாவில், விசாப் பாரங்கள் நிரப்பித் தரும் டைப்பிங் கடையில் எனக்கு வேலை. அவள் பெயர் சஹ்ரா; மாடியிலிருந்த சலூனில் பெண்களுக்குச் சடை பின்னுகிறவள். சோமாலியாக்காரி. பதினான்கு வயதில் அவள் பள்ளிக்கூடத்தின் மேல் குண்டு விழுந்தது. படகேறி ஏமனுக்குப் போனாள். அங்கேயும் போர் வர, இங்கே. மூன்று பிள்ளைகள் பெற்று, முப்பத்தாறு வயதில், மாலைப் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பு தேறியவள்!

கடைக்குள் அவளுக்கு முன்னால் சாம்பிராணி வாசம் வரும். ஏலக்காய்த் தேநீரும் உயிரியல் புத்தகமும் ஒரே பையில். அரபியும் இந்தியும் கலந்த எங்கள் பாஷையில் என்னை 'உக்தி', சகோதரி என்பாள்.

"உக்தி, இதயத்துக்கு நாலு ரூமாம். எங்க அஞ்சு பேருக்கு ஒண்ணுதான்!"

நர்சிங் கல்லூரிக்கு அவளுடைய பாரத்தை நான்தான் நிரப்பினேன். எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. சரிபார்க்கும் ஓ.டி.பி. எண் உடனே கைக்கு வரவேண்டும் என்று, வந்தவரின் கைபேசி எண்ணுக்குப் பதில் எங்கள் எண்ணையே போட்டுவிடுவோம். அதனால் நுழைவுத் தேர்வு அழைப்பு என் கைக்கு வந்தது. திங்கட்கிழமை, காலை எட்டு மணி.

ஏன் அழித்தேன்? எத்தனையோ முறை கேட்டுக்கொண்டேன். என் கல்லூரியில் குண்டு விழவில்லை. எனக்குப் பார்த்த மாப்பிள்ளைக்கு லீவு முப்பது நாள்தான், உடனே கல்யாணம் என்றார்கள். இரண்டாம் ஆண்டுப் புத்தகத்தை நானே மூடி வைத்தேன். இவளால் முடிகிறதென்றால், என்னால் முடியாமற்போனதற்கு என்ன பெயர்?

தினமும் வந்து கேட்டாள். "மெசேஜ்?"

"மாஃபி மெசேஜ்."

தேர்வு நடந்து முடிந்ததே அவளுக்குப் பிறகுதான் தெரிந்தது. "கல்லூரிக்காரங்க அனுப்ப மறந்துட்டாங்க போல. அடுத்த வருஷம் பார்க்கலாம், இன்ஷா அல்லா" என்று எனக்கும் ஒரு கோப்பை தேநீர் ஊற்றினாள். குடித்தேனே, பாவி!

மறுவருடம் மகளின் கைபேசியிலிருந்து தானே விண்ணப்பித்தாள். சேர்ந்தாள். படித்தாள்.

போன மாதம் கடைக் கதவு திறந்தது... படிப்பு முடித்தவர்கள் போடும் கறுப்பு அங்கி, தலையில் தொப்பி, கையில் அல்வாத் தட்டு! நடுக்கடையில் நின்று, நாவைச் சுழற்றி ஓர் ஒலி எழுப்பினாள். குலவை! சோமாலியாவிலும் குலவை உண்டென்று யார் கண்டது? சிவகங்கையை விட்டு வந்தபின் நான் மறந்தே போன குலவை, என் தொண்டையிலிருந்து தானாகக் கிளம்பியது. டோக்கனோடு காத்திருந்தவர்கள் கைதட்டினார்கள்.

"அக்கா, இது டைப்பிங் சென்டரா, கல்யாண வீடா?" என்றான் பக்கத்து நாற்காலி செல்வம்.

பொய்யில்லை, சந்தோஷத்தில் ஆடினேன்! ஆடி ஓய்ந்ததும் அவள் காதருகே போனேன். "சஹ்ரா, அந்த முதல் வருஷம்..."

"அதை விடு, கலாஸ், முடிஞ்சுபோச்சு!" என்று என் வாயில் அல்வாவைத் திணித்து, ஒரு புதுப் பாரத்தை நீட்டினாள். டிப்ளமா முடிந்தது, அடுத்தது பட்டப்படிப்பு. "உன் நம்பரே போடு. வார்டுல டியூட்டி நேரம் போனைத் தொட முடியாது."

போட்டேன்.

அன்று முதல் கைபேசியும் கையுமாகத் திரிந்தேன். "யாருக்கா அந்த ஆளு?" என்று செல்வம் சீண்டினான்.

இன்று காலை வந்தது. தேர்வு, வியாழக்கிழமை. டாக்ஸியை ஆட்டோபோல விரட்டச் சொல்லி மருத்துவமனைக்கே ஓடினேன். வார்டு வாசலில் செய்தியைக் காட்டினேன். நோயாளிகள் தூங்குகிறார்களே என்று வாயைப் பொத்திக்கொண்டு குலவையிட்டாள்! பிறகு என் வலக்கையைப் பிடித்து முத்தமிட்டாள்.

"ராசியான கை உக்தி இது!"

திரும்பும் வழியெல்லாம் அந்தக் கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை...