கருமாத்தூர்க் கண்மாயில் மாடு திரும்பிய இடம்

காலை ஒன்பது மணிக்கு மதுரையிலிருந்து எழுமலைக்குப் புறப்பட வேண்டிய கரிவாயு பஸ் பத்தரைக்குத்தான் மூச்சு விட்டது. யுத்த காலத்தில் பெட்ரோல் குதிரைக்கொம்பு. பின்னால் கட்டிய அடுப்பில் கரியைக் கொட்டிக் கண்டக்டர் விசிறியைச் சுற்றோ சுற்றென்று சுற்றினார். முப்பத்து மூன்று மைலுக்குப் பதினோரணா. டிரைவர் காதருக்குப் பக்கத்திலேயே இடம் கிடைத்தது. கும்பகோணத்துக்காரனுக்கு இதைவிட என்ன மரியாதை வேண்டும்!

ஊரைத் தாண்டியதும் வேகம் என்ற சொல்லே மறந்துவிட்டது. வலப்பக்கம் நாகமலை கூடவே வந்தது. புளியமர நிழல்கள் மடியில் ஏறி இறங்கின. பருத்திக் காடு, சோளத் தட்டை, மறுபடியும் பருத்திக் காடு. மாசி வெயிலில் கண் சொக்கியது. நான் தூங்கினேனா, மலைதான் நகர்ந்ததா, இன்றுவரை தெரியாது.

காதர் சட்டைப் பையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தார். என்னவென்று கேட்டேன்.

"லைசென்ஸுங்க. ஆள அதிகமா ஏத்துனேன்னு போன மாசம் இதுல ஒரு குறி போட்டுட்டாக. இன்னொண்ணு விழுந்தா பிடுங்கிருவாக. வீட்டுல அஞ்சு வயிறு இருக்கு, வேற தொழிலும் தெரியாது."

செக்கானூரணியில் டீ குடித்துவிட்டுப் பன்னிரண்டரைக்குக் கருமாத்தூரைக் கடந்தோம். முன்னால் ஒரு வைக்கோல் வண்டி. "நம்ம ஒச்சுத்தேவர் மாமா வண்டிங்க" என்றார் காதர். வண்டிக்காரர் மேலே மல்லாந்து படுத்து உறங்கிக்கொண்டிருந்தார். இந்தப் பக்கத்தில் இது வழக்கம். மாட்டுக்கு வழி தெரியும், மனிதர் தூங்கலாம். காதர் ஹார்ன் அடித்துவிட்டு ஒதுங்கி முந்தப் போனார். அந்த நேரம் பார்த்துக் கண்மாய்த் தண்ணீரைக் கண்ட மாடுகள் வலப்பக்கம் திரும்பின. பிரேக் கிறீச்சிட்டது. பஸ்ஸின் மூக்கு இடித்து வண்டிச் சக்கரம் முறிந்தது. வைக்கோலோடு தேவரும் சரிந்து வந்தார். நல்லவேளை, ஆளுக்கும் மாட்டுக்கும் அடியில்லை.

"யார்ரா அவன்? எங்க பாட்டன் காலத்துலேருந்து வண்டி போற பாதைடா இது! ஒரு பயகிட்ட லைசென்ஸுச் சீட்டு வாங்குனமா?" என்று எழுந்தார் தேவர்.

"மாமா, நான் ஹார்ன் அடிச்சேன் மாமா…" இந்தப் பக்கத்தில் முஸ்லிமும் தேவரும் மாமன், மாப்பிள்ளை என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள்.

எங்கிருந்தோ சைக்கிளில் ஓர் ஏட்டு வந்து இறங்கினார். நேரே காதரிடம் கையை நீட்டி லைசென்ஸை வாங்கிக்கொண்டார். "இது ஒன் சொத்து இல்லப்பா. சர்க்கார் தயவு பண்ணிக் குடுத்தது. ஒழுங்கா ஓட்டலன்னா திரும்ப வாங்கிக்கும்."

எனக்குப் பொறுக்கவில்லை. "வண்டிக்காரர் தூங்கிக்கொண்டிருந்தார் ஐயா" என்றேன்.

"பஸ்ஸுல வந்தவரு பஸ்ஸுக்குத்தான் பேசுவீங்க. நீ சொல்லுய்யா, முழிச்சிருந்தியா?"

முழித்திருந்தேன் என்று ஒரு சொல் சொன்னால் போதும், சக்கரத்துக்கு பஸ் முதலாளி பதில் சொல்லியாக வேண்டும். தேவர் முறிந்த சக்கரத்தைப் பார்த்தார். காதர் முகத்தைப் பார்த்தார். அங்கே கண்ணீர் தளும்பி நின்றது.

"தூங்கிட்டேன் ஏட்டையா. நல்ல தூக்கம். மாடுதான் ஓட்டுச்சு."

பஸ்ஸே சிரித்தது. ஏட்டுக்குக் கோபம் வந்துவிட்டது. "அப்ப ஒம்மேலதான்யா கேஸு!"

"எழுதிக்கங்க. எங்கிட்டப் பிடுங்குறதுக்குச் சீட்டு ஏதும் இல்லையே. அவங்கிட்ட இருக்குறதே அது ஒண்ணுதான்."

ஏட்டு லைசென்ஸைத் திருப்பிக் கொடுத்தார். "போ மாப்ள, சனம் காத்துக் கெடக்கு" என்று தேவர் புளியமர நிழலில் போய் உட்கார்ந்தார்.

மறுபடியும் பருத்திக் காடு, மறுபடியும் வெயில். காதர் கண்ணைத் துடைத்தபடியே ஓட்டினார். கும்பகோணத்து வாசகசாலையில், மோட்டார் ஓட்டுவது பாத்தியதையா சர்க்கார் தயவா என்று நாங்கள் தொண்டை வறள வாதாடியிருக்கிறோம். சக்கரத்தை இழந்து நின்ற ஒருவரை யாரும் கணக்கில் சேர்த்ததில்லை.

எழுமலையில் இறங்கும்போது மணி நான்கு. பயணிகள் இறங்கிக் கலைவதற்குள் காதர் கொல்லாசாரியிடம் ஓடி ஒரு வண்டிச் சக்கரம் இரவல் வாங்கி வந்து, மதுரைக்குத் திரும்பப்போகும் பஸ்ஸின் தலைமேல் ஏற்றிக் கட்டிக்கொண்டிருந்தார். மேலே சரக்கு ஏற்றக் கூடாதென்று பஸ்ஸிலேயே எழுதிப் போட்டிருந்தது.

"காதர், இன்னொரு குறி விழுந்தால் லைசென்ஸ் போய்விடுமே?" என்றேன்.

"போனாப் போகட்டுங்க" என்று கயிற்றை இறுக்கினார். "மாமா ரோட்டுல உக்காந்திருக்காரு."