மியூட்டில் ஓடிய கார்

போன ஞாயிற்றுக்கிழமை மதியம் எங்கள் காம்பவுண்டில் ஒரு சத்தமும் இல்லை.

கும்மிடிப்பூண்டியில் எங்கள் தெருவைத் தெரிந்தவர்கள் இதை நம்ப மாட்டார்கள். ஐந்து வீடுகள். ஞாயிறு எல்லோருக்கும் வார விடுமுறை. ஒரு வீட்டில் கிரிக்கெட், ஒரு வீட்டில் சினிமா, மாடியில் டில்லிபாபுவின் கார் ரேஸ்... கேட்டுக்கு வெளியே நின்றே எந்த வீட்டில் என்ன ஓடுகிறது என்று சொல்லிவிடலாம்.

அன்று மட்டும் அமைதி. பக்கத்து வீட்டு ஸ்டெல்லாவின் அண்ணன் அருள், மஸ்கட்டில் இறந்துபோயிருந்தார்.

அருளுக்கு மாரடைப்பு. வேலை செய்த இடத்திலேயே விழுந்துவிட்டார். உடலை இங்கே கொண்டுவர வழியில்லை என்று ஆகிவிட்டது. உடன் வேலை பார்த்தவர்களே அங்குள்ள கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்ய ஏற்பாடு செய்தார்கள். அருளோடு ஒரே அறையில் தங்கியிருந்த செபாஸ்டின் என்பவர் ஸ்டெல்லாவிடம் ஒரு வாக்குக் கொடுத்திருந்தார். பெட்டியை மூடுவதற்கு முன்னால் வீடியோ காலில் முகத்தைக் காட்டுகிறேன் என்று.

ஸ்டெல்லாவுக்கு வேண்டியது அவ்வளவுதான். அண்ணன் முகத்தை ஒரு தடவை பார்க்க வேண்டும். அவர் கடைசியாக ஊருக்கு வந்தது ஸ்டெல்லாவின் மகள் சிறு வயதில் தேவாலயத்தில் முதன்முதலாகப் புதுநன்மை வாங்கியபோது. அந்தப் பெண் இப்போது கல்லூரியில் படிக்கிறாள்.

இந்த இடத்தில் எங்கள் காம்பவுண்டின் இன்டர்நெட் ஏற்பாட்டைச் சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் நடந்தது புரியாது.

ஐந்து வீட்டுக்கும் ஒரே இணைப்பு. ரவுட்டர் எங்கள் வீட்டு வாசல் நிலைக்கு மேலே இருக்கிறது. இந்த யோசனையைச் சொன்னதே ஸ்டெல்லாதான்.

"ஆளுக்கொரு ஒயரு எதுக்கு சார்? எல்லாரும் ஷிப்டுக்குப் போறவங்க. நான் வர்றப்போ டில்லி போறான், டில்லி வர்றப்போ நீங்க போறீங்க. ஊட்ல ஒரே நேரத்துல யாரு கீறா?"

கணக்கு சரியாகத்தான் இருந்தது. தொழிற்பேட்டையில் வேலை பார்க்கிறவர்கள் குளியலறையிலிருந்து துணி காயப்போடும் கொடிவரை எல்லாவற்றையும் ஷிப்ட் பார்த்துத்தான் பங்கு போட்டுக்கொள்கிறோம். போதாததற்கு, பிளானில் 'அன்லிமிடெட்' என்று வேறு போட்டிருந்தது. தீராத ஒன்றை எத்தனை பேர் எடுத்தால் என்ன?

அங்கேதான் தவறினோம். எவ்வளவு வேண்டுமானாலும் எடுக்கலாம் என்றுதான் அதற்கு அர்த்தம். எல்லோரும் ஒரே நேரத்தில் எடுக்கலாம் என்று எவரும் சொல்லவில்லை.

எங்கள் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டில் இருக்கிறேன். அங்கே ஒரே கம்ப்ரஸர்தான் எல்லா மேசைகளுக்கும் காற்று தருகிறது. ஒரு மூலையில் யாராவது வால்வை முழுதாகத் திறந்துவிட்டால், இன்னொரு மூலையில் ஸ்குரூ முறுக்கும் கருவி சுற்றாமல் நின்றுவிடும். கம்ப்ரஸர் ஓடிக்கொண்டுதான் இருக்கும். காற்றும் தீர்ந்திருக்காது. ஆனால் நமக்கு வராது. தினமும் பார்க்கிற விஷயம். வீட்டுக்கு வந்து அதே மூளையை ரவுட்டருக்குப் பயன்படுத்த எனக்குத் தோன்றவில்லை.

மாடி வீட்டு டில்லிபாபுவுக்கு இருபத்தாறு வயது. உருக்காலையில் வேலை. ஆரம்பாக்கத்துப் பையன், தினமும் ரயிலில் வந்துபோக அலுத்து இங்கே அறை எடுத்தான். தீபாவளிக்குப் பெரிய டிவி வாங்கினான். கூடவே விளையாட்டுக்கு ஒரு சந்தா.

"கேம் நம்ம ஊட்ல ஓடல சார். எங்கியோ ஒரு பெரிய கம்ப்யூட்டர்ல ஓடுது. படம் மட்டும் நெட்ல வந்துகினே இருக்கும். நான் இங்க திருப்பினா கார் அங்க திரும்பும்" என்று எனக்கு விளக்கினான்.

ஸ்டெல்லா விடுவாரா? "தெருவுல இவன் பைக்கு ஸ்டார்ட் ஆவல, தள்ளிக்கினு போறான். டீவில மட்டும் ஏரோப்ளேன் கணக்கா பறக்கறான் பாரு!"

"அக்கா, இதுக்கு பெட்ரோல் வேணாங்கா. நெட்டு இருந்தா போதும்."

அந்த நெட் எவ்வளவு என்று எங்களில் யாரும் கேட்டதில்லை. சினிமா பார்க்கும்போது டிவி படத்தைக் கொஞ்சம் முன்னதாகவே இழுத்துவைத்துக்கொண்டு நடுநடுவே ஓய்வெடுக்கும். இந்த விளையாட்டில் அது நடக்காது. அடுத்த நொடி டில்லி எந்தப் பக்கம் திருப்புவான் என்று அந்தக் கம்ப்யூட்டருக்கு எப்படித் தெரியும்? அதனால் ஒவ்வொரு நொடியும் புதுப் படம் வந்தாக வேண்டும். நிற்காமல், முழுத் தெளிவோடு. பெரிய டிவி என்றால் இன்னும் அதிகம்.

ஞாயிறு காலையிலிருந்து டில்லிதான் ஓடியாடினான். நாற்காலி கொண்டுவந்து போட்டான். வருகிறவர்களுக்கு டீ வாங்கிவந்தான். வார விடுமுறை முடிந்து அவனுக்கு அன்று இரவே ஷிப்ட். "கொஞ்ச நேரம் படுத்துட்டு வர்றேங்கா" என்று மதியம் மாடிக்குப் போனான்.

செபாஸ்டினின் அழைப்பு வந்தபோது ஸ்டெல்லாவின் வீட்டில் பெண்கள் கூட்டம். என் மனைவி அவரை ஒட்டி உட்கார்ந்திருந்தாள். நான் வாசலருகே நின்றேன். ஸ்டெல்லா போனை இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

படம் வந்தது. வெயில், மணல் தரை, தலை குனிந்து நிற்கும் ஆண்கள். செபாஸ்டின் பெட்டியை நோக்கி நடந்தார்.

நின்றுவிட்டது.

பெட்டியின் ஓரம், ஒரு வெள்ளைத் துணி, யாருடையதோ ஒரு கை. அதற்குமேல் நகரவில்லை. நடுவில் வட்டம் சுற்றியது. அங்கே ஜெபம் சொல்கிற குரல் பாதிப் பாதியாக வந்து அதுவும் அறுந்தது.

"இன்னா சார் நின்னுகினு கீது? அவரு காட்றாரா இல்லியா?"

"அங்கே நெட் சரியில்லை போலிருக்கும்மா..." என்றேன்.

எவ்வளவு எளிதாகச் சொல்லிவிட்டேன்! கோளாறு என்றாலே அது அந்தப் பக்கம்தான் என்று நமக்கு ஒரு நம்பிக்கை.

போனை வாங்கி மொபைல் டேட்டாவுக்கு மாற்றிப் பார்த்தேன். வீட்டுக்குள் சிக்னல் ஒரே ஒரு கோடு, படமே வரவில்லை. மறுபடி வைஃபைக்கே மாற்றி ஸ்டெல்லாவின் கையில் கொடுத்தேன். அதே வெள்ளைத் துணி. அப்போதுதான் என் போனில் ரவுட்டரின் செயலியைத் திறந்தேன். யார் எவ்வளவு இழுக்கிறார்கள் என்று அதில் தெரியும்.

முதல் வரியில் டில்லியின் டிவி. அதற்குக் கீழே இன்னும் மூன்று டிவிகள். அவற்றில் ஒன்று எங்களுடையது, அணைக்காமலே வந்திருந்தோம்.

மாடிக்கு ஓடினேன். கதவு திறந்தே இருந்தது. டில்லி பாயில் உட்கார்ந்திருந்தான். டிவியில் ஒரு சிவப்புக் கார் மழையில் போய்க்கொண்டிருந்தது. கார் கண்ணாடியில் விழுகிற ஒவ்வொரு துளியும் தனித்தனியாகத் தெரிந்தது. அப்படி ஒரு தெளிவு.

"டில்லி, நிறுத்துப்பா! கீழே படம் வரலை!"

அவன் பதறி எழுந்தான். "நான் சவுண்டே வைக்கலியே சார்! எழவு ஊடாச்சேன்னு மொத்தமா மியூட்லதான் போட்டேன். தூக்கம் வரல, அதான்..."

சொல்லிக்கொண்டே அணைத்துவிட்டான். எதற்கு என்றுகூடக் கேட்கவில்லை.

உண்மைதான். அவன் சத்தம் வைக்கவில்லை. நாங்களும் வைக்கவில்லை. பக்கத்தில் ஒரு சாவு என்றால் ஒலியைக் குறைக்க வேண்டும் என்று எங்கள் காம்பவுண்டில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. கிரிக்கெட் மியூட்டில் ஓடியது. சினிமா மியூட்டில் ஓடியது. ஒரு மரியாதையும் குறையவில்லை... ஐந்து வீடுகளும் வாய் மூடி நின்றன. ஆனால் கண்ணுக்கும் காதுக்கும் எட்டாத அந்தக் கம்பியில் நாங்கள் அத்தனை பேரும் முட்டிமோதிக்கொண்டிருந்தோம். காதுக்குக் கேட்கிற தொந்தரவை நிறுத்த நமக்குத் தெரியும். கேட்காததை எதை வைத்துத் தெரிந்துகொள்வது?

நான் இறங்கி வந்தபோது படம் வந்துவிட்டிருந்தது. பளிச்சென்று, ஒரு தடங்கலும் இல்லாமல். மூடிய பெட்டி. மேலே ஒரு சிலுவை. நான்கு பேர் கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

செபாஸ்டின் தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். அழுதுகொண்டே பேசினார். "அக்கா, நல்லா பாத்தியளா? முகத்துக்குப் பக்கத்துலேயே ரொம்ப நேரம் புடிச்சேன். ஃபாதர் போதும்னாவ. நாந்தான், அக்கா இன்னும் கொஞ்சம் பாக்கட்டும்னு சொன்னேன். பாத்தியள்லா?"

ஸ்டெல்லா போனைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"பாத்தேன் தம்பி. நல்லா பாத்தேன். தூங்கற மாதிரியே கீறாரு. நீ இவ்ளோ பண்ணியே, அதுவே போதும்."

மண் போட்டு முடிக்கும்வரை அழைப்பு அறுபடவில்லை.

என் பின்னாலேயே இறங்கி வந்திருந்த டில்லி கதவுக்கு வெளியே நின்றான். கூட்டம் கொஞ்சம் கலைந்ததும்தான் உள்ளே வந்தான்.

"அக்கா... நெசமாவே பாத்தியா? என்னாலதான் நின்னுச்சாமே. சத்தியமா எனக்குத் தெரியாதுக்கா."

"அதான் பாத்தேன்னு சொன்னேனே. நின்னது அப்புறம்தான்டா, அதுக்கு முன்னாடியே பாத்துட்டேன். மூஞ்ச ஏன் இப்டி வச்சுகினு கீற? காலைலேந்து ஒண்ணும் துன்னல நீ. ஷிப்டுக்கு வேற போவணும். போ, அவங்க ஊட்ல சோறு ஆக்கி வச்சுகீறாங்க, போய் துன்னு."

எங்கள் வீட்டைத்தான் காட்டினார். டில்லி வந்து சாப்பிட்டான். தட்டைக் கழுவி வைத்துவிட்டு வேலைக்குக் கிளம்பினான்.

அவன் போனதும் என் மனைவி என்னிடம் மெதுவாகச் சொன்னாள். "அந்தத் துணியும் கையும்தாங்க கடைசி வரைக்கும். மூடினதுக்கு அப்புறம்தான் படம் அசைஞ்சுது. முகம் வரவே இல்லை."

இந்த வாரம் டில்லி தனக்கென்று ஓர் இணைப்புக்கு எழுதிக் கொடுத்திருக்கிறான். மற்ற வீடுகளிலும் அந்தப் பேச்சு நடக்கிறது. ஒரே கம்பி போதும் என்ற எங்கள் ஷிப்ட் கணக்கு முடிந்துபோனது. நல்லதுதான். என்றாலும் எந்த வேகமான இணைப்பும் அந்த மதியத்தை இன்னொரு முறை கொண்டுவராது.

"பாத்தேன்" என்ற அந்த ஒரு சொல்லோடு மஸ்கட்டில் ஒருவர் அறைக்குத் திரும்பியிருப்பார். இங்கே ஒருவன் ஷிப்டுக்குப் போனான். ஸ்டெல்லாவும் மறுநாள் வேலைக்குப் போனார்... எதோடு என்று கேட்கும் துணிவு எனக்கு இல்லை.