வேன் வருமுன் அணைக்கும் அடுப்பு

சிவகாசியை ஒட்டிய எங்கள் தெருவில் தினமும் மாலை ஐந்தரைக்கு ஒரு வேன் வந்து நிற்கும். நாரணாபுரம் பக்கத்துப் பட்டாசுக் கம்பெனியிலிருந்து பெண்களை ஏற்றி வரும் வேன். இறங்குகிறவர்களின் கையிலும் கழுத்திலும் புருவத்திலும் சாம்பல் நிறப் பொடி அப்பியிருக்கும். சாயுங்கால வெயிலில் அது மினுங்கும். நான் பிறந்து வளர்ந்த மலேசியாவின் தைப்பிங்கில் வேலை முடிந்து பஸ்ஸை விட்டு இறங்கும் பெண்கள் ரோட்டோரம் நின்று ஒரு பாட்டம் கதை பேசாமல் வீட்டுக்குப் போகமாட்டார்கள். இங்கே ஒருத்தியும் நிற்பதில்லை. கைகளை உடம்பில் ஒட்டாமல் சற்று விலக்கிப் பிடித்தபடி, யார் முகத்தையும் பாராமல், அவரவர் வீட்டுப் பின்பக்கத்துக்கு நடந்துவிடுகிறார்கள். இந்தத் தெருவுக்குக் குடிவந்த புதிதில் நான் கேட்டில் நின்று சிரித்துப் பார்த்திருக்கிறேன். பதிலுக்கு ஒரு தலையசைப்புத்தான் கிடைக்கும்.

அவர்களில் பாண்டிச்செல்வி எங்கள் பக்கத்து வீடு. காலையில் வேனுக்குக் காத்து நிற்கும்போது அவளைப் போல இனிமையானவள் கிடையாது. என் நான்கு வயது மகன் முகிலனின் கன்னத்தைக் கிள்ளுவாள், "சாப்பிட்டீகளா ராசா" என்று பெரிய மனிதரைக் கேட்பதுபோலக் கேட்பாள். மாலையில் அதே பெண் வேறொருத்தியாக வருவாள். ஒருநாள் முகிலன் அவளைக் கண்ட சந்தோஷத்தில் கட்டிப்பிடிக்க ஓடினான். "ஏலே, தொடாத. அங்கன நில்லு" என்று அவள் போட்ட சத்தத்தில் தெருவே திரும்பிப் பார்த்தது. குழந்தை மிரண்டுபோய் என்னிடம் ஓடிவந்தான். பெற்றவளுக்கு எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. காலையில் ஒரு முகம், மாலையில் ஒரு முகம் என்று நான் அவளுக்கு ஒரு பட்டம் கட்டிவிட்டேன். பொங்கலுக்குத் தெரு முழுக்கப் பலகாரம் கொடுத்தபோது அவள் வீட்டுக்கு மட்டும் மகள் யாழினியை அனுப்பினேன், நான் போகவில்லை.

இதைக் கணவரிடம் சொல்லியிருந்தால் அன்றைக்கே விளங்கியிருக்கும். அவர் இந்த மண்ணில் பிறந்தவர். ஆனால் மனத்தாங்கலை வாய்விட்டுச் சொல்லாமல் ஊறுகாய் போல ஊறப்போடுவது எங்கள் குடும்பத்து வழக்கம். வேறு ஊருக்கு வாழப்போன எல்லோருக்கும் இந்த நோய் கொஞ்சம் உண்டு என்று நினைக்கிறேன். பிறந்த ஊரில் ஒருத்தி முகத்தைத் திருப்பினால் 'அவளுக்கு என்ன கோபமோ' என்று விட்டுவிடுவோம். வந்த ஊரில் திருப்பினால் 'நான் வெளியூர்க்காரி என்பதால்தானே' என்று தோன்றிவிடும்.

என் கணவர் தைப்பிங்கில் ஓர் அச்சகத்தில் வேலை பார்த்தபோது எங்களுக்குத் திருமணம் ஆனது. யாழினிக்கு ஒரு வயதானபோது அவருடைய அண்ணன் கூப்பிட்டு இருவரும் கூட்டாக இங்கே லேபிள் அச்சடிக்கத் தொடங்கினார்கள். நான் கொண்டுவந்த ஒரே தொழில் பாத்திக். உருக்கிய மெழுகைச் சாந்திங் என்கிற செம்பு மூக்குள்ள சின்னக் கருவியில் எடுத்து, வெள்ளைத் துணியில் கோடாக இழுத்து, கோட்டுக்குள் பிரஷ்ஷால் சாயம் தீட்டுவது. ஒரு மலாய்க்கார அக்காவின் பட்டறையில் பழகியது. முதலில் ஊருக்குள் கூட்டுக்குடும்பமாக இருந்தோம். அங்கே நான் பாத்திக் சாரோங் கட்டிக்கொண்டு வாசல் தெளித்த முதல் காலையில், எதிர்வீட்டுப் பெரியவர் என் கணவரைத் தனியாகக் கூப்பிட்டு, "என்ன தம்பி, வீட்ல ஒங்க கைலியவா கட்டச் சொல்லுதீக? ஒரு சேலை எடுத்துக் குடுக்கப்பிடாதா" என்று கேட்டாராம். எங்கள் ஊரில் கௌரவமாகக் கட்டுகிற துணி இங்கே ஆண்பிள்ளையின் கைலி. நான் பூப்போட்டு விற்க நினைத்த சாரோங்குகளை எல்லாம் சேலையாகவும் பிள்ளைகளின் சட்டையாகவும் மாற்றிக்கொண்டேன்.

குறை சொல்லவில்லை. இந்த ஊர் எனக்கு ஒன்றைச் சீதனமாகக் கொடுத்தது, அது வெயில். தைப்பிங் மழை பிடித்த ஊர். சாயம் தீட்டிய துணி காய்வதற்குள் அடுத்த மழை வந்து நிற்கும். மின்விசிறிக்கு அடியில் துணியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தே என் இளமை பாதி போயிற்று. இங்கே துணியை மாடியில் விரித்துவிட்டு இறங்கி வந்து உலைவைப்பதற்குள் காய்ந்திருக்கும். சித்திரை மாதத்தில் மெழுகே இளகும். அது இறுகி நிற்கக் குங்கிலியப் பிசின் கொஞ்சம் கூடுதலாகச் சேர்க்கக் கற்றுக்கொண்டேன். மேகம் கறுத்தால் தெருவே முகம் சுளித்து வானத்தைப் பார்க்கும் ஊரில், நானும் இப்போது அவர்களோடு சேர்ந்து சுளிக்கிறேன்.

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார் என்பார்கள். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு மெழுகை உருக்கிப் பார் என்று நான் சேர்த்துக்கொள்வேன். கூட்டுக்குடும்பத்தில் அடுப்புக்கு இடம் போதாமல்தான் ஊரோரம் இந்த வீட்டுக்கு வந்தோம். முன்வாசலை ஒட்டி ஒரு தகரக் கொட்டகை, அதற்குள் கேஸ் அடுப்பு, மெழுகுச்சட்டி, சேலையை இழுத்துக் கட்டும் சட்டங்கள். பிள்ளைகள் பள்ளிக்குப் போன பிறகு அடுப்பைப் பற்றவைத்தால் மாலை மங்கும்வரை எரியும். பள்ளிவிட்டு வந்த யாழினி தம்பிக்குச் சோறூட்டி, கொட்டகை வாசலில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாள். முகிலன் தெருவுக்கும் கொட்டகைக்கும் நடையாய் நடப்பான். நான் ஒரு கண்ணைக் கோட்டிலும் ஒரு கண்ணை அவன் மீதும் வைத்திருப்பேன். பல சேலைகளில் கோடு வளைந்திருப்பது கலைநயத்தால் அல்ல.

இந்த வருடம் ஆவணியில் என் அக்கா போன் செய்தாள். தைப்பிங்கில் அவள் நடத்தும் துணிக்கடைக்குத் தீபாவளிக்கு நாற்பது சேலை வேண்டும் என்றாள். இத்தனை வருடமாக நான் காத்திருந்த போன் அது. நான் விட்டுவந்த ஊர்ப் பெண்கள் என் கைத்துணியைக் கட்டிக்கொண்டு தீபாவளி கொண்டாடுவார்கள். நான் போக முடியாத வீடுகளுக்கு என் சேலை போகும். கரும்பு தின்னக் கூலியா என்று உடனே ஒப்புக்கொண்டேன். போனை வைத்த பிறகுதான் கணக்குப் போட்டேன். பள்ளியில் காலாண்டு விடுமுறை வருகிறது, பிள்ளைகள் நாள் முழுக்க வீட்டில். இரவு சாப்பாட்டு நேரம்வரை அடுப்பு எரிந்தால்தான் தேறும். சட்டத்தில் துணி கட்டவும் காயப்போடவும் துணைக்கு ஆள் கூப்பிடலாமென்றால் தீபாவளி சீசனில் தெருவில் ஒரு பெண்கூடச் சும்மா இல்லை, எல்லோரும் கம்பெனியில். "செல்வியைக் கேட்டுப் பாரேன். திரி சுத்துற கை, நிதானமா இருக்கும். சாயங்காலம் ஒரு மணி நேரம் வந்தாலும் போதுமே" என்றார் கணவர். வேறு வழியில்லாமல் கோபத்தை மடித்து வைத்துவிட்டு, வேன் வந்த நேரம் கேட்டுக்குப் போனேன்.

"உள்ளே வாங்க செல்வி, ஒரு விஷயம் பேசணும்" என்றேன்.

"இல்லக்கா, இங்கனயே நிக்கேன். சொல்லுங்க." தெருவின் அந்த ஓரத்தில் நின்றுகொண்டாள்.

"எங்க வீட்டுக்குள்ள வந்தா என்ன? நாங்க என்ன உங்களுக்கு ஆகாதவங்களா?" ஊறப்போட்டதெல்லாம் வெளியே வந்துவிட்டது.

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. "உள்ள அடுப்பு எரியுதுல்ல?" என்றாள்.

"எரிஞ்சா என்ன?"

கைகளை விரித்துக் காட்டினாள். "என் சேலையப் பாருங்கக்கா. தலையிலயிருந்து கால்வரைக்கும் மருந்து. இதோட வந்து ஒங்க அடுப்புகிட்ட நிக்கவா?"

பொடி என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது அழுக்கு அல்ல, பட்டாசு மருந்து. இத்தனை மாதம் பார்த்துக்கொண்டே இருந்தும் எனக்கு அது உறைக்கவில்லை. "அப்போ அன்னைக்கு முகிலன நீங்க..." என்று இழுத்தேன்.

"பின்ன என்ன செய்யச் சொல்லுதீக? என் பிள்ளையவே குளிக்காம தொடமாட்டேன். மத்த பிள்ளைகள லேசா வெரட்டுவேன், ஒங்க பிள்ளையத்தான் சத்தம்போட்டு வெரட்டுவேன். என்னயக் கட்டிப்பிடிச்சுட்டு அவன் நேரா எங்க ஓடுவான்? ஒங்க மெழுகுச்சட்டிகிட்டதான ஓடுவான்?"

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. இந்தத் தெருவில் வாசலிலேயே அடுப்பு எரிகிற வீடு என்னுடையது மட்டும்தான். அதனால் அவள் அதிகமாகப் பயந்தது என் மகனுக்காக. அவனை விரட்டிய அந்தச் சத்தத்தில் இருந்தது என்னவென்று தெரியாமல், ஒரு தட்டுப் பலகாரத்தைக்கூட நேரில் கொண்டுபோய்க் கொடுக்காமல் இருந்திருக்கிறேன்.

"இதுக்கு ஏன் அழுவுதீக? குளிச்சுட்டு வாரேன், ஒரு காப்பி போட்டு வைங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். உள்ளே வந்து யாழினியிடம் சொன்னேன். அவள் நோட்டிலிருந்து தலையைத் தூக்காமல், "ஒனக்குத் தெரியாதாம்மா? இந்தத் தெருவுல நாய்க்குட்டிக்குக்கூடத் தெரியும்" என்றாள். என் மகள் இந்த ஊர்க்காரி ஆகிவிட்டதை அன்றைக்கு நிச்சயமாகத் தெரிந்துகொண்டேன்.

அன்று முதல் வேன் வருவதற்குள் அடுப்பை அணைத்துவிடுவது என்று முடிவு செய்தேன். வேனிலிருந்து இறங்குகிற இத்தனை பேர் நடுவே ஓடித் திரிகிற பிள்ளையையும் வைத்துக்கொண்டு, எரிகிற அடுப்பையும் வைத்துக்கொள்ள என் நெஞ்சு ஒப்பவில்லை. ஆனால் அணைத்தால் அக்காவின் ஆர்டர் பாதிகூடத் தேறாது. அக்காவிடம் சொன்னேன். "கடைக்கு வர்ற ஆளுங்க எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்டி. தீபாவளி முடிஞ்சு வந்தா யாரு கட்டுவா? அஞ்சு மணிக்கு அடுப்ப அணைக்கிறதுன்னா அது என்னா தொழில் லா?" என்று எங்கள் ஊர் 'லா' போட்டுக் கத்தினாள். தைப்பிங்கில் உட்கார்ந்திருப்பவளுக்கு இதை எப்படிச் சொல்வது? சொல்லிப் பார்த்தேன். நான் இந்த ஊரோடு சேர்ந்து பைத்தியமாகிவிட்டதாகச் சொல்லிப் போனை வைத்துவிட்டாள். எனக்கு அழுகையாக வந்தது. ஊருக்குப் போக ஒரு வழி திறந்தது, அதை நானே சாத்துகிறேனே என்றிருந்தது.

செல்வி சொன்னபடி குளித்துவிட்டு வந்திருந்தாள். ஈரத்தலையில் துண்டு, கையில் காப்பி. மெழுகிட்டு முடித்த சேலை ஒன்று சட்டத்தில் இருந்தது. அக்காவின் ஆர்டரையும் அடுப்பை அணைக்கப்போவதையும் நான் சொல்லக் கேட்டபடி அதையே சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். "இதுல கலர் போடுறதுக்கும் அடுப்பு வேணுமாக்கா?" என்றாள். வேண்டாம், பிரஷ் மட்டும்தான் என்றேன். "பின்ன என்ன. பகல்ல நீங்க மெழுகு போடுங்க. ராத்திரி ஒல வைக்கிறதுக்கு முந்தி நான் வந்து கலர் போடுதேன்" என்றாள்.

எனக்கு இது தோன்றாமலில்லை. தோன்றியும் தள்ளி வைத்திருந்தேன். நான் பழகிய பட்டறையில் கோடு இழுத்த கையே சாயமும் தீட்டும். அடுத்தவர் கை பட்டால் அது நம் துணி இல்லை என்பார்கள். அந்த வீறாப்பை விட எனக்கு மனம் வரவில்லை. அன்றைக்கு விட்டேன். எங்கள் ஊர் முறையில் இலை என்றால் பச்சை நீலத்தில் கரையும், நீலம் ஊதாவில் கரையும். செல்வி முதல் சேலையிலேயே இலைகளுக்கு ரோஸ் கலர் அடித்தாள், பூவுக்குக் கிளிப்பச்சை. பட்டாசுப் பெட்டி லேபிளைப் பார்த்தே வளர்ந்த கண். "எலை ரோஸா இருக்குமா செல்வி?" என்று கேட்டேன். "சேலையில இருக்கப்பிடாதா?" என்று திருப்பிக் கேட்டாள். அவள் தீட்டத் தீட்ட, முகிலன் அவள் மடியில் படுத்து உறங்கிப்போனான். ஒரு கை பிரஷ்ஷில், ஒரு கை அவன் தலையில். நான் இன்னொரு சட்டத்தின் முன் அமர்ந்து என் இலைகளுக்குப் பச்சை தீட்டினேன்.

நாற்பதில் நாலைந்து குறைந்தது. பார்சலைப் பிரித்துப் பார்த்த அக்கா, "இது நம்ம பாத்திக் மாதிரியே இல்லையே" என்று முணுமுணுத்தாள். ஆனால் எதையும் திருப்பி அனுப்பவில்லை. பொங்கலுக்கும் கேட்டிருக்கிறாள்.

தீபாவளியன்று இந்த ஊரைப் பார்க்க வேண்டும். உலகத்துக்கே வெடி செய்து அனுப்பிவிட்டு, சீசன் முடிந்த அசதியில் தெரு முழுக்கத் தூங்கிக்கொண்டிருக்கும். காலை எட்டு மணிக்கு அம்மா தைப்பிங்கிலிருந்து வீடியோவில் வந்தார். அங்கே நடுக்காலை, வீடு நிறைய விருந்தாளிகள், சீனர், மலாய்க்காரர் என்று அக்கம்பக்கத்தார் எல்லோரும் முறுக்கைக் கொறித்துக்கொண்டு இருந்தார்கள். அம்மா கட்டியிருந்தது ரோஸ் இலைச் சேலை. கடைக்கு வந்ததில் அதைத்தான் அவர் பிடுங்கிக்கொண்டாராம். "முகில் கண்ணு, பாட்டிகிட்ட வா, ஒரு முத்தம் குடு" என்று திரைக்குள்ளிருந்து இரண்டு கைகளையும் நீட்டினார்.

அதே நேரம் கேட்டைத் திறந்துகொண்டு புதுச்சேலையில் செல்வி வந்தாள். அன்று கம்பெனி விடுமுறை. அவளும் இரண்டு கைகளையும் நீட்டி, "வாலே, ராசா" என்றாள். முகிலன் ஓடவில்லை. நாலடி தள்ளி நின்று அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "குளிச்சுட்டீகளா அத்தை?" என்று கேட்டான். செல்வி சிரித்த சிரிப்பில் தூங்கிய தெரு விழித்திருக்கும். "குளிச்சுட்டேன்யா, குளிச்சுட்டேன்" என்றாள். அப்புறம்தான் ஓடிப்போய் அவள் மீது ஏறிக்கொண்டான்.

"யாருடி அது?" என்றார் அம்மா.

"அவனோட அத்தைதான்மா."

"மாப்பிள்ளைக்குக் கூடப்பிறந்த பொண்ணே கிடையாதே."

"இருக்காங்கம்மா" என்றேன்.

செல்வியை அம்மாவுக்குக் காட்ட வேண்டுமென்றால் போனைத் திருப்ப வேண்டும். திருப்பினால் அம்மாவின் முகம் எனக்குத் தெரியாது. திருப்பிப் பிடித்தேன். அந்தப் பக்கத்திலிருந்து அம்மாவின் குரல் மட்டும், "சாப்பிட்டியாம்மா?" என்று செல்வியைக் கேட்டது.